கேட்காமல் மூடிக்கொண்ட கடிதம்

கீபோர்டில் விண்டோஸ் பட்டனைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே எஃப் எழுத்தைத் தட்டுகிறார். திரையில் இருக்கும் வெற்றுப் பக்கம் முழுதாக விரிகிறது. மறுபடி தட்டுகிறார், சுருங்குகிறது. வேலைக்குக் கிளம்புமுன், ஈரத்தலையைக்கூடத் துவட்டாமல், தினமும் ஏழெட்டுத் தடவை இப்படிச் செய்து பார்ப்பது லிஃப்ட் மெக்கானிக்கின் வழக்கம். கம்ப்யூட்டர் அவருடையது அல்ல, மனைவியுடையது. மனைவி அதைத் தொட்டு நான்கு மாதம் ஆகிறது.

ஐம்பத்து நான்கு வயது. மோட்டார் அறைகளில் குனிந்தே பழகிய முதுகு. எதைக் கையில் எடுத்தாலும் எடை பார்ப்பார். மனைவி ஆசையாக வாங்கிவந்த கைப்பையைத் தூக்கிப் பார்த்து, "காலியாவே இவ்ளோ கனமா?" என்றவர்.

மனைவி வீட்டிலிருந்தே ஒரு பதிப்பகத்துக்குப் பிழை திருத்துபவர். அவருடைய பழைய கம்ப்யூட்டர் மூச்சு வாங்கத் தொடங்கியபோது, இவர் அதிலிருந்த எல்லாவற்றையும் வழித்தெடுத்துவிட்டு, திரையில் திறக்கும் விண்டோக்களை எங்கே வைப்பது என்று மட்டும் பார்த்துக்கொள்ளும் ஒரு குட்டி மென்பொருளைப் போட்டார். மெனு இல்லை. கடிகாரம் இல்லை. மூடுவதற்கு மூலையில் பெருக்கல் குறிகூட இல்லை. எல்லாம் கீபோர்டு பட்டன்கள்தான். எந்தப் பட்டன் என்ன செய்ய வேண்டும் என்பது ஒரே ஒரு கோப்பில் இருந்தது, அந்தக் கோப்பு இவர் பிடியில் இருந்தது.

"ஒரு கடிகாரமாவது வைங்களேன்."

"செவுத்துல இருக்குல்ல? அதுக்கு எதுக்கு மெமரி?"

"எழுத்து கண்ணுக்கே தெரியலங்க."

"பாக்கலாம்."

அந்தப் 'பாக்கலாம்' ஒரு வருடம் ஓடியது. மனைவி நச்சரிக்கவில்லை. வேண்டிய பட்டன்களை ஒரு சீட்டில் எழுதித் திரையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டார். 'விண்டோஸ் + எஃப்: பெரிசாகும்.' வந்தவர் போனவரிடமெல்லாம் இவர் பெருமை பேசினார்: "இதை ஆஃப் பண்ணவே வேணாம். வருஷக்கணக்கா அப்படியே ஓடும்."

மனைவி அதை நம்பினார். பதினோரு வருடமாகப் பேச்சில்லாத தங்கைக்கு ஒரு கடிதம் தொடங்கி, தினமும் இரண்டு வரி சேர்ப்பதும் ஒரு வரி அழிப்பதுமாக மூன்று வாரம் அதைத் திறந்தே வைத்திருந்தார். சேமிக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இவருக்குக் கை அரித்தது. விண்டோவை உடனே மூடுவதற்கு எஃப்தான் விரலுக்கு வாகாக இருக்கிறது என்று மாற்றிவைத்தார். மூடலாமா என்று கேட்கும் வழக்கம் அந்த மென்பொருளுக்குக் கிடையாது, அதுவும் இவருக்குப் பிடித்திருந்தது. மனைவியிடம் சொல்லவில்லை. சீட்டையும் திருத்தவில்லை.

மறுநாள் காலை மனைவி பக்கத்தைப் பெரிதாக்க, சீட்டில் இருந்தபடியே விண்டோஸோடு எஃப்பை அழுத்தினார். கடிதம் போய்விட்டது.

பதறிப்போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார் இவர். "இரும்மா, எடுத்துரலாம். எங்கயும் போயிருக்காது."

"விடுங்க. மறுபடி எழுதுனா அது வேற லெட்டர்."

அவ்வளவுதான். சண்டை இல்லை. பதிப்பகத் தாள்களை அச்சிட்டே அனுப்பச் சொல்லிவிட்டு, சமையலறை ஸ்டூலில் வைத்துச் சிவப்புப் பேனாவால் திருத்த ஆரம்பித்தார்.

இவர் இரண்டு நாள் லீவு போட்டு டிஸ்க்கை முழுக்கச் சலித்தார். குப்பை எழுத்துகளுக்கு நடுவே ஒரே ஒரு வரி முழுசாகக் கிடைத்தது: 'அன்னைக்கு நீ வந்து நின்னப்ப நான் கதவைத் திறந்திருக்கணும்.'

தங்கை வாசலில் நின்ற அன்று, கதவைத் திறக்க வேண்டாம் என்று சொன்னது இவர்தான். 'இப்ப வேணாம், ரெண்டு நாள் போகட்டும்' என்று சொன்னது நன்றாக நினைவிருந்தது. அந்த வரி கிடைத்ததை மனைவியிடம் இன்றுவரை சொல்லவில்லை.

இப்போது அந்தத் திரையில் கடிகாரம் இருக்கிறது. எழுத்து சுண்டுவிரல் நகம் அளவு. மெனு உண்டு, மூலையில் பெருக்கல் குறி உண்டு. எஃப் பழையபடி பெரிதாக்க மட்டும்தான். எதை மூடப்போனாலும் 'மூடலாமா?' என்று கேட்கிறது. எழுதியது நிமிடத்துக்கு ஒரு தடவை தானாகச் சேமிக்கப்படுகிறது. "இப்ப எல்லாம் சரியாயிருச்சு, வந்து பாரேன்" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். "சரிங்க" என்றார் மனைவி. வரவில்லை.

இன்று காலை வந்தார். கையில் நாலைந்து வெள்ளைத்தாள், நீல மைப் பேனா.

"கொஞ்சம் நகருங்க. ஸ்டூல் ஆடுது, எழுத முடியல."

யாருக்கு என்று கேட்க இவருக்கு வாய் வரை வந்தது. கீபோர்டின் வயரைப் பிடுங்கி அதைச் சுவரோரம் நிமிர்த்தி வைத்தார். திரையைப் பின்னால் தள்ளினார். ஈரத்தலையிலிருந்து மேசையில் சொட்டியிருந்த நீரைச் சட்டைக் கையால் துடைத்து, காய்ந்துவிட்டதா என்று உள்ளங்கையை வைத்துப் பார்த்தார்.