சென்றியைக் கண்ட கால்

பிரான்சில் எங்கள் தமிழ்க் கடைத்தெருவான லாஷப்பலில் இறுக்கமான கறுப்புக் காற்சட்டை போட்டுக்கொண்டு ரேஸ் சைக்கிள் உருட்டி வருகிற தமிழன் என்றால் ஒரு காலத்தில் நான் ஒருவன்தான். மரக்கறிக் கடை வாசலில் நிற்பவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். "அண்ணை, மிச்சத் துணி கடையிலை முடிஞ்சு போச்சோ?" என்று ஒருவன் கேட்டான். மற்றவன் சிரித்துச் சிரித்து முருங்கைக்காய்ப் பெட்டியில் சாய்ந்தான். நான் உருட்டிக்கொண்டு போனேன். கிழமை முழுக்க உணவகச் சமையலறையில் நின்ற கால்களுக்கு லீவு நாளில் என்ன வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதை இவர்களுக்கு ஏன் விளக்க வேண்டும்?

என் மனைவியும் முதலில் அவர்கள் கட்சிதான். "ஊரிலை சைக்கிள் உழக்கினது காணாதெண்டே இஞ்சையும் உழக்கிறியள்?" என்பாள். அவள் கட்சி மாறியது அவளுடைய தம்பி வந்த பிறகு.

2009இல் ஊரில் போர் முடிந்தபோது அவளுடைய வீட்டில் மிஞ்சியவன் அந்தத் தம்பி ஒருவன்தான். எங்கெங்கோ அலைந்து, இரண்டு வருடம் கழித்து எங்களிடம் வந்து சேர்ந்தான். மார்க்ஸ் டோர்மோயில் எங்கள் சின்ன வீட்டின் முன்னறைக் கட்டிலில் சுவரைப் பார்த்தபடி படுத்திருப்பான். எதைக் கேட்டாலும் ஓம் அல்லது இல்லை. லா கூர்னெவ்வில் ஒரு களஞ்சியத்தில் வேலை எடுத்துக் கொடுத்தேன். போவான், வருவான், படுப்பான். சிரித்து நான் பார்த்ததில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவனைப் பிடித்து என் பழைய சைக்கிளில் ஏற்றி, கால்வாய்க் கரையோடு நெடுந்தூரம் கூட்டிப்போனேன். திரும்பி வந்து இரண்டாம் தரம் சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டான். அக்காக்காரி குசினிக்குள் போய் அழுதாள். அன்றோடு சைக்கிளைப் பற்றிய நக்கல் நின்றது.

ஆனால் ஒவ்வொரு முறையும் நாங்கள் வெளிக்கிடும்போது கதவடியில் நிற்பாள். "இஞ்சருங்கோ, கொண்டு போற மாதிரியே கொண்டுவந்து தாங்கோ. எனக்கு வேறை ஆருமில்லை." நான் ஒருவன் குத்துக்கல்லு மாதிரி முன்னால் நிற்பது அவளுக்குக் கணக்கில்லை. கோபம் வரும். ஆனாலும் அவள் சொல்வது எனக்கு விளங்கும்.

கார் து நோர் ஸ்டேஷனில் சைக்கிள்களை ரயிலில் ஏற்றிப் பொந்துவாசில் இறங்கினால், கொஞ்சத் தூரத்தில் நகரம் முடிந்து வெக்ஸான் பகுதி தொடங்கிவிடும். அழகு அழகு என்று வாய் பிளக்கிற ஆள் நானில்லை. அந்த நிலத்தில் எனக்குப் பிடித்தது அதன் நேர்மை. ஏற்றத்தில் எவ்வளவு மூச்சு வாங்கினேனோ அவ்வளவையும் அடுத்த இறக்கத்தில் திருப்பித் தந்துவிடும். மே மாதத்தில் இரண்டு பக்கமும் எண்ணெய்க்கு விதைக்கிற கோல்சா வயல்கள் மஞ்சளாகப் பூத்திருக்கும். மேட்டில் ஏறியதும் தூரத்தில் ஒரு தேவாலயக் கோபுரத்தின் கூர் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு இறங்கினால் பழைய கல்வீடுகள், துணி துவைக்கிற கல்தொட்டி, நடுவில் கல் பதித்த சதுக்கம். அந்தச் சதுக்கத்தில் தப்பாமல் ஒரு போர் நினைவுக்கல், செத்தவர்களின் பெயர் வெட்டி நிற்கும். சில கற்களில் ஒரே குடும்பப் பெயரில் மூன்று நான்கு பேர். தம்பி முதல் முதலாகத் தானாக வாய் திறந்து என்னிடம் கேட்டது ஒரு நினைவுக்கல்லின் முன்னால்தான். "அத்தான், இவ்வளவு சின்ன ஊருக்கு இவ்வளவு பேரோ?"

காற்று முகத்தில் அடிக்கிற நாளில் முன்னால் போகிறவனுடைய பின்சில்லை ஒட்டிக்கொண்டு வந்தால் பின்னால் வருகிறவனுக்குப் பாதிக் கஷ்டம் குறையும். அதை அவனுக்குப் பழக்கினேன். ஒரு கை இடைவெளியில் வருவான், கெட்டிக்காரன். பிறகு ரேஸ் ஓடுகிறவர்கள் போடுகிற சப்பாத்து ஒரு சோடி வாங்கிக் கொடுத்தேன். அதன் அடியில் உள்ள கிளிப் பெடலோடு பூட்டிக்கொள்ளும். குதிக்காலை வெளிப்பக்கம் திருகினால்தான் கழரும். பழகாதவன் திருக மறந்து, நின்ற நிலையிலேயே வாழைக்குலை மாதிரிச் சாய்வான். நடைபாதைச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழமை பழகினான்.

அந்தச் சப்பாத்தோடு அவன் வெளியே வந்த முதல் நாள் மே எட்டு. இங்கே அது இரண்டாம் உலகப் போர் முடிந்த நாள், லீவு. எங்களுடைய போர் முடிந்த மே மாதம் வேறு. அதைப் பற்றி நாங்கள் இரண்டு பேரும் கதைப்பதில்லை. உழக்கினால் நினைவு வராது என்றுதான் அன்றைக்கு அவனைக் கூட்டிப்போனேன்.

ஒரு நீண்ட இறக்கத்தால் கீழே வந்து ஒரு ஊருக்குள் திரும்பினோம். சதுக்கத்தின் வாயிலில் சீருடையோடு இரண்டு பேர் தெருவின் இரு பக்கமும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் சில சீருடைகள் வரிசையாக.

யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடி வளர்ந்தவர்களுக்கு மேற்கொண்டு சொல்லத் தேவையில்லை, மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஆமியின் காவலரணை நாங்கள் சென்றி என்போம். சென்றி கண்ணில் பட்டதும் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும். உருட்டிக்கொண்டு அவனைக் கடந்து, அப்பால் போய்த்தான் மறுபடி ஏறலாம். மறந்தவன் வாங்கிக் கட்டிக்கொள்வான். பாடசாலைக்குப் போக, சந்தைக்குப் போக, செத்த வீட்டுக்குப் போக, எல்லாவற்றுக்கும் இறங்கி இறங்கி ஏறியவர்கள் நாங்கள். பிரான்சுக்கு வந்து எத்தனையோ காலம். குடியுரிமைகூட எடுத்துவிட்டேன். ஆனால் என் காலுக்கு அதை யாரும் சொல்லவில்லை.

பிரேக்கை இறுக்கி, காலைக் கழற்றி, இறங்கிவிட்டேன். இறங்கின பிறகுதான் இறங்கியதே தெரியும். அதற்குள் பின்னால் வந்தவன் என் சில்லில் மோதி, சைக்கிளோடு சேர்ந்து கல்லில் விழுந்தான். ஹெல்மெட் வெடித்த சத்தம் கேட்டது. அவன் அசையவில்லை.

சீருடைகள் எங்களை நோக்கி ஓடி வந்தன. நான் என்ன செய்திருக்க வேண்டும்? குனிந்து அவனைப் பார்த்திருக்க வேண்டும். நான் ஹாண்டிலைப் பிடித்தபடி நிமிர்ந்து நின்றேன். முதலில் வந்த ஜோந்தாம், அதுதான் இங்கே நாட்டுப்புறப் பொலிஸ், என்னிடம் ஏதோ கேட்டார். முதுகுப் பைக்குள் கைவிட்டு அடையாள அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினேன். சைக்கிள் தடாரென்று விழுந்தது. அவர் அட்டையைப் பார்க்கவேயில்லை. "அவருடைய பெயர் என்ன என்று கேட்டேன், ஐயா. பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்" என்றார்.

வரிசையில் நின்ற மற்றவர்கள் அந்த ஊரின் தீயணைப்புப் படை. நினைவுக்கல்லுக்கு மரியாதை செய்ய வெள்ளைக் கையுறையோடு வந்து நின்றவர்கள். அந்தக் கையுறையாலேயே ஒருவர் அவனுடைய தலையை அசையாமல் பிடித்தார், ஒருவர் காலைப் பெடலிலிருந்து மெதுவாகக் கழற்றினார். மூவர்ணப் பட்டி போட்ட மேயர் உரையை நிறுத்திவிட்டு வந்து தன் கோட்டைக் கழற்றிப் போர்த்தினார். ஜோந்தாம் எங்கள் ஆளின் பெயரைத் தன் வாய்க்கு வந்தபடி திருப்பித் திருப்பிக் கூப்பிட்டார். ஒரு சீருடைக்காரன் எங்களில் ஒருவனை எழும்படி கெஞ்சியதை வாழ்க்கையில் அன்றைக்குத்தான் கண்டேன். தம்பி கண்ணைத் திறந்தான். மேலே சீருடைகளைக் கண்டதும் மறுபடி இறுக்கி மூடிக்கொண்டான்.

பக்கத்து நகரத்து ஆஸ்பத்திரியில் தலையைப் படம் எடுக்கக் கொண்டு போனார்கள். வெளியே இருந்தபோது மனைவி ஃபோன் எடுத்தாள். "சாப்பாட்டுக்கு வாறியளோ?" என்னால் பொய் சொல்ல முடியவில்லை. அடுத்த ரயிலில் வந்து சேர்ந்தாள்.  என் பக்கத்துக் கதிரையில் இருக்கவில்லை, ஒரு கதிரை விட்டு இருந்தாள். கொண்டு போன மாதிரி கொடுக்க முடியாவிட்டால் அந்த வீட்டுக்குள் எந்த முகத்தோடு நுழைவது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். அவனுக்கு ஏதும் நடந்திருந்தால் இதை எழுதியிருக்கவே மாட்டேன்.

டாக்டர் வந்தார். தலையில் ஒன்றுமில்லை, தோளெலும்பில் சின்ன வெடிப்பு, அவ்வளவுதான் என்றார். நான் கதிரையில் இருந்தபடியே விக்கி விக்கி அழுதேன். வெட்கமாகவும் இருக்கவில்லை.

உள்ளே போனதும் அவள் தம்பியின் தலையைத் தடவிவிட்டு என் பக்கம் திரும்பினாள். "இப்ப சொல்லுங்கோ. எப்பிடி விழுந்தவன்?"

"சென்றி எண்டு நினைச்சு இறங்கிட்டன்" என்றேன்.

அவள் வாய் திறக்க முன்னம் கட்டிலில் இருந்தவன் சொன்னான்: "அக்கா, அத்தானைப் பேசாதை. நானும் இறங்கத்தான் பாத்தனான். கால் கழரேல்லை."

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு வந்து என் பக்கத்தில், ஒட்டினாற்போல் இருந்தாள். "நான் வந்திருந்தாலும் இறங்கித்தான் இருப்பன்" என்றாள். அந்த வருடம் ரூ பஜோல் தெருவில் பிள்ளையார் தேர் வந்தபோது, தலை உடையாததற்காகத் தேங்காய் உடைத்தாள். தண்ணீர் என் சப்பாத்து முழுக்கத் தெறித்தது.

அடுத்த கோடையில் மறுபடி அந்த ஊருக்குப் போனோம். அன்றைக்கு அங்கே ஏதோ பழம்பொருள் சந்தை. சதுக்கத்து வாயிலில் இரண்டு ஜோந்தாம்கள் நின்றார்கள். என் வலது குதிக்கால் தானாகத் திருகப் பார்த்தது. விடவில்லை, அழுத்தி உழக்கினேன். பின்னால் கிளிப் கழருகிற சத்தம் கேட்கிறதா என்று காது கொடுத்தேன். கேட்கவில்லை. ஒரு ஜோந்தாம் கையை வீசி வழி விட்டார். நினைவுக்கல்லைத் தாண்டி, கடைசி வீட்டையும் தாண்டி, ஏற்றத்தில் கால் வைத்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

"என்ன, இறங்கேல்லையோ?" என்று திரும்பிப் பாராமல் கேட்டேன்.

"கால் கழரேல்லை, அத்தான்" என்றான்.

அவனுடைய கால் எப்போதோ நன்றாகக் கழரப் பழகிவிட்டது. அது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். பிறகு அவன் சிரித்தான். ஏற்றம் முடியும்வரை, மூச்சு வாங்க வாங்க, என் முதுகுக்குப் பின்னால் சிரித்துக்கொண்டே வந்தான்.