தொடட்டுமா

கம்பத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் நர்ஸ் அவர். குட்டையான உருவம், முன்முடியில் நரை, உள்பக்கமாகத் திருப்பிக் கட்டிய வாட்ச். ஊசி போடவும் காயம் துடைக்கவும் "தொடட்டுமா ஆத்தா?" என்று கேட்டு, நான் தலையசைத்த பிறகே கை வைத்தார். முந்தின நாள் ஏலத்தோட்டத்தில் என்னைப் பலவந்தப்படுத்திய கங்காணி கேட்டுக்கொண்டா கை வைத்தான்?

எனக்கு அப்போது இருபத்து மூன்று வயது. போலீசுக்குப் போகலாம் என்றார் மாமா. வேண்டவே வேண்டாம் என்றார் அப்பா. நர்ஸ் இருவரையும் வெளியே அனுப்பிக் கதவைச் சாத்தினார்.

"நீ என்ன நெனக்கிற? போறதுன்னா நானும் கூட வாரேன். இப்பவே சொல்லணும்னு இல்ல."

கதவுக்கு அந்தப் பக்கம் அப்பா இருமினார்.

"வேணாம் சிஸ்டர்."

"இது ஒன் பேச்சா, வெளிய நிக்கிறாகளே, அவுக பேச்சா?"

"என் பேச்சுதான்."

அவர், தோட்டத்தில் நான் கட்டியிருந்த சேலையை மடித்துக் காகிதப் பையில் போட்டுக் கொடுத்தார்.

"தொவைக்காம வச்சிரு. மனசு மாறுனா வா."

வீட்டுக்கு வந்ததும் அப்பா அந்தப் பையை வாங்கி அடுப்பில் போட்டார். என்னைக் கேட்கவில்லை.

கேட்ட ஒரே ஆள் அந்த நர்ஸ்தான். அவரிடம்தான் நான் பொய் சொன்னேன்.