வியாழக்கிழமை வகுப்பு

ஜேர்மனியின் டோர்ட்மண்டில் சமூகப்பணி படிக்கும் லவினியாவுக்கு எதிலும் அவசரம். பச்சிலர் பட்டம் முடிய இன்னும் ஒரு வருடம் கிடக்க, மாஸ்டர் பாடமொன்றை இப்போதே எடுத்தாள். கெதியாய்ப் படித்து முடித்து வேலைக்குப் போனால், தாய் பேர்பெச்சுவாவைத் துப்புரவு வேலையிலிருந்து நிற்பாட்டலாம்.

வகுப்பு வியாழக்கிழமை. பரிசோதனை முடிவைக் கேட்கத் தாய்க்கு டொக்டர் குறித்துக்கொடுத்த டேர்மினும் வியாழக்கிழமைதான். சின்ன வயதிலிருந்தே டொச் மொழி தெரியாத தாயோடு போய் மொழிபெயர்த்து வந்தவள் லவினியா.

"நீ படிக்கப் போ பிள்ளை. சின்னவள் வருவாள்தானே," என்றாள் தாய். சின்னவள் டிலானிக்குப் பதின்மூன்று வயது.

பிள்ளைகளை மொழிபெயர்ப்பாளராக வைக்கக்கூடாது என்பது அன்றைய பாடம். பேராசிரியர் அதை ஏதோ தூரதேசத்துக் கொடுமை போலச் சொன்னார். லவினியாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் எழுதிக்கொண்டாள், சோதனையில் வரும்.

மேசையில் போன் மின்னியது. டிலானி டொச்சில் எழுதியிருந்தாள்: "அக்கா, ரிசல்ட் வந்திட்டுது. டொக்டர் சொன்னது எனக்கு விளங்கீட்டுது. அம்மா என்ரை முகத்தையே பாத்துக்கொண்டிருக்கிறா. என்னெண்டு சொல்லுறது?"

டொக்டரிடம் போய்ச்சேர ரயிலில் முக்கால் மணித்தியாலம் வேண்டும். சொல்லாதை, நான் வாறன் என்று போனில் அடிக்கத் தொடங்கினாள் லவினியா.

"இப்படியான இடத்தில் என்ன செய்யவேண்டும்?" பேராசிரியர் அவளைப் பார்த்துத்தான் கேட்டார். விடை அவளுக்குத் தெரியும்.

அதற்குள் டிலானியின் அடுத்த செய்தி வந்துவிட்டது. "சொல்லீட்டன் அக்கா. அம்மா என்னை அழவேண்டாமாம்."