எந்தப் பக்கம் ஓடினார்

என் அண்ணனைப் பற்றிப் பெருமையாக நாலு வரி எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். முடியவில்லை. முகத்தை எங்கே கொண்டுபோய் வைத்துக்கொள்வது?

அவர் ரயில்வேயில் பாயிண்ட்ஸ்மேன். லீவரை இழுத்து ரயிலைத் தடம் மாற்றிவிடும் வேலை. போர் வந்ததும் பட்டாளத்தில் சேர்ந்தார். அங்கேயும் அவரை லீவரிலேயே நிறுத்தினார்கள். கூட எங்கள் தெருக்காரர் ஒருவர், அவருடைய ஜோடி. அந்த வேலைக்கு இரண்டு பேர் வேண்டும். ஒருவர் லீவரை இழுப்பார். தண்டவாளம் சரியாக நகர்ந்து ஒட்டிவிட்டதா என்று மற்றவர் போய்ப் பார்ப்பார்.

அண்ணன் மட்டும் திரும்பி வந்தார், நெஞ்சில் மெடலோடு. குண்டு விழுந்தபோதும் லீவரை விடாமல் நின்று, ஒரு ரயில் நிறையச் சிப்பாய்களைக் காப்பாற்றினாராம். ஜோடிக்காரர் பயந்து ஓடும்போது செத்தாராம். அன்றிலிருந்து அண்ணன் 'பட்டாளத்தார்'. ஜோடிக்காரர் மனைவிக்கு 'ஓடினவன் பெண்டாட்டி' என்றே பெயராகிவிட்டது. குழாயடிச் சண்டையில் அவள் மகளைப் பார்த்துப் பொடிசுகள்கூட, "ஓடு, உங்கப்பன் மாதிரி ஓடு" என்று சொல்லும். தாய்க்காரி ஸ்டேஷனில் டீக்கடை போட்டுப் பிழைத்தாள். அண்ணன் அந்தப் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டார். ஓடினவன் வீட்டு டீ வீரருக்கு இறங்காது போலிருக்கிறது என்று நினைத்தேன். நான் ஒரு மக்கு.

அவர் ரயில்வேயிலிருந்து ஓய்வுபெற்ற நாளில் ஸ்டேஷனில் பாராட்டு. நானும் போயிருந்தேன். மாலை போட்டு, கை வைத்த நாற்காலியில் உட்காரவைத்து, "அண்ணே, அந்தக் கதையச் சொல்லுங்க" என்றார்கள். அவருக்குக் கேட்கவா வேண்டும்? அன்றைக்குக் கொஞ்சம் உப்புக்காரம் கூட்டிவிட்டார்.

"லீவர இழுக்கறேன், வரல. அங்க தண்டவாளத்துக்கு நடுவுல கல்லு மாட்டிக்கிச்சு. மேல குண்டு. விடுவனா? மறுபடி இழுத்தேன் பாரு, சட்டுனு வந்துடுச்சு."

கல் அதுவரை கதையில் இருந்ததே இல்லை. கிளார்க்குகள் கைதட்டினார்கள். பாயிண்ட்ஸ்மேன்கள் தட்டவில்லை. கல் மாட்டினால் பயில்வானே தொங்கினாலும் லீவர் வராது. யாராவது போய் எடுத்தாக வேண்டும். இது அடுப்படியில் கிடக்கும் எனக்கே தெரியும். வாய்க்கொழுப்பு, உளறிவிட்டார்.

எல்லோருக்கும் டீ ஊற்றிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள்.

"அண்ணே, கல்ல யாரு எடுத்தது?"

அண்ணன் மாலையைச் சரிசெய்துகொண்டார்.

"எங்க வீட்டுக்காரரு எந்தப் பக்கம் ஓடினாரு?"

அண்ணன் சொன்னார்: "கல்லு இருந்த பக்கம்மா. நான்தான் கத்தினேன், போடா, போய் எடுடான்னு. எடுத்துட்டு நிமிர்ந்தான், குண்டு விழுந்துடுச்சு. எனக்குக் கைகாலெல்லாம் வெடவெடன்னு ஆடுது. விட்டா விழுந்துடுவேன்னுதான் லீவர விடல."

"அப்புறம்?"

"ஆபீசர் தூரத்துலேருந்து பாத்திருக்காரு. 'உன் ஆளு ஓடினானா'ன்னு கேட்டாரு. 'ஆமாங்க'ன்னேன். ஓடினது நெசந்தானே."

ஓடினது நிஜம்தானாம்! அந்த ஒரு 'ஆமாங்க'வை வைத்து ஆயுசு முழுக்க மாலை வாங்கியிருக்கிறார். கூடப்பிறந்தவள் என்று சொல்லிக்கொள்ளவே கூசியது. பூமி பிளந்தால் உள்ளே போய்விடலாம் போலிருந்தது.

அவள் அழவில்லை, சபிக்கவும் இல்லை. டீ கெட்டிலைக் கீழே வைத்தாள்.

"எம்பொண்ணு வாசல்ல நிக்கறா. அவகிட்ட வந்து இதையே சொல்லுங்க."

அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்தபடி உட்கார்ந்தே இருந்தார்.

"எந்திரிண்ணே" என்றேன்.

எழவில்லை. விரல் முட்டி வெளுக்கிற அளவுக்கு இறுக்கிப் பிடித்திருந்தார். அவர் விரல்களை நான் பிரித்துவிட்ட பிறகுதான் வாசலுக்கு வந்தார்.