ஈர வேட்டியோடு சுவாமி தூக்கியவர்

கூட்டத்தைக் கண்டாலே எனக்கு வயிறு கலக்கும். டாக்டர் சோதித்துவிட்டு, குடலில் வியாதி எதுவும் இல்லை என்றார். ஆனாலும் பயந்துகொண்டு, மயிலாப்பூர் பங்குனி உற்சவத்துக்கே போகாமலிருந்தேன். ஒரு வருஷம் மனசு கேட்காமல் போனேன்.

மாட வீதியில், சுவாமி தூக்குகிறவர்களில் ஓரத்தில் நின்ற ஒல்லியானவர் திடீரென்று பக்கத்து ஆளைத் தட்டினார். உடனே இன்னொருவர் தோள் கொடுக்க, இவர் சந்துக்குள் ஓடினார்.

"நைனாவுக்கு வயித்துலேர்ந்து தந்தி வந்துட்ச்சு!" என்று மற்றவர்கள் சிரித்தார்கள்.

குளித்து, ஈர வேட்டியோடு திரும்பியவரிடம், "உங்களுக்கும் இந்த உபத்திரவமா?" என்றேன்.

"ஆமா சாமி. டாக்டரு ஒண்ணுமில்லேன்றாரு, வலி மட்டும் கீது. அதான் ஓரமா நின்னுக்கினு, மாத்தாளும் சொல்லி வெச்சிருக்கேன்."

"வீட்டிலேயே இருக்கலாமே?"

"வயிறு அதைத்தான் சொல்லுது. அது பேச்சைக் கேட்டா சாமியை யாரு தூக்கறது?"

சொல்லிவிட்டு மறுபடி தோள் கொடுத்தார். எனக்கு மெய்சிலிர்த்தது. சுவாமி பின்னாலேயே நடந்தேன். வழியில் எனக்கும் வயிறு கலங்கியது. முன்பின் தெரியாத வீட்டுக் கதவைத் தட்டி, "அம்மா, கொல்லைப்பக்கம் போகணும்" என்று கேட்டுவிட்டேன். அந்தத் தைரியம் என்னுடையது அல்ல. ஈசன் அவர் மூலமாக எனக்குக் கொடுத்தது.