பெரிய வெள்ளியும் இரண்டு மாத்திரைகளும்

எங்கள் விழுப்புரத்துக் கோயிலில் பெரிய வெள்ளியன்று இயேசுவின் பாடுகளின் வரலாற்றை மூன்று பேர் பிரித்து வாசிப்பார்கள். ஆண்டவர் பேசுவது சாமியாருக்கு, மற்றவர்கள் பேசுவது பாட்டுக் குழுவில் ஒருவருக்கு, கதையை நடத்திப் போகும் பெரிய பங்கு சாமியாருக்கு உதவியாக இருக்கும் உபதேசியாருக்கு. அந்தப் பெரிய பங்கின் மேல் எனக்கு ஏழெட்டு வருஷமாக ஒரு கண். தமிழ் டீச்சருக்கு வேறெங்கே கண் போகும்? தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வருஷம் உபதேசியாருக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. சாமியார் என்னைக் கூப்பிட்டார்.

"டீச்சர், நீங்க படிங்க. ஆனா அந்தத் தும்மல் மட்டும் வேணாம்."

என் தும்மல் ஊரறிந்தது. நான் வேலை பார்த்த திண்டிவனம் பள்ளிக்கூடத்துக்கு எதிரே மல்லாட்டை மண்டி. கடலைத் தோல் தூசி கிளம்பிவிட்டால் ஒன்பது தும்மலுக்குக் குறைந்து நிற்காது. பிள்ளைகள் வாய்விட்டே எண்ணுவார்கள். இதற்கு விழுப்புரத்து டாக்டர் ஒருவர் வெள்ளை மாத்திரை கொடுத்திருந்தார், திண்டிவனத்து டாக்டர் ஒருவர் மஞ்சள் மாத்திரை கொடுத்திருந்தார். தனித்தனியாக இரண்டும் என்னிடம் தோற்றுப்போயிருந்தன. சேர்த்துப் போட்டால் கேட்கும் என்பது என்னுடைய சொந்தக் கண்டுபிடிப்பு. ஒருசந்தி நோன்பு இருந்த வெறும் வயிற்றில், மத்தியானம் இரண்டையும் கையில் எடுத்தேன்.

"ரெண்டு டாக்டருக்கும் ஒருத்தரை ஒருத்தர் தெரியாது," என்றார் என் வீட்டுக்காரர். "உன் வயித்துலதான் ரெண்டு மருந்தும் மொதமொத பாத்துக்கப் போவுது. ஒத்துப்போவுமான்னு யாரையாவது கேட்டியா?"

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று கத்திவிட்டு விழுங்கினேன்.

வாசிப்பு அமர்க்களமாகத்தான் ஆரம்பித்தது. மூக்கு கப்சிப். குரல் கணீர் கணீரென்று போனது. பாதியில் எழுத்துகள் கொஞ்சம் மிதந்தன, சமாளித்துக்கொண்டேன். ஆண்டவர் உயிர்விடும் இடம் வந்ததும் எல்லாரும் முழங்காலிட்டுச் சற்று நேரம் மௌனமாக இருக்க வேண்டும். கதை வாசிக்கிறவர் எழுந்தால்தான் சனமும் எழும். நான் முழங்காலிட்டேன், முக்காட்டை இழுத்துவிட்டுத் தலையைக் குனிந்தேன். அவ்வளவுதான் தெரியும்.

என்னை எழுப்பியது என் பாழாய்ப்போன தும்மல். திடுக்கிட்டுப் பார்த்தால் கோயிலே முழங்காலில் நிற்கிறது. வயசானவர்கள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு தள்ளாடுகிறார்கள். சாமியார் ஒற்றைக் கண்ணைத் திறந்து என்னையே பார்க்கிறார். ஜெபமாலையில் பத்து மணிகளை உருட்டி முடித்து அடுத்த பத்தில் பாதி வந்துவிட்டதாக என் வீட்டுக்காரர் பிற்பாடு கணக்குச் சொன்னார். எழுந்து மிச்சத்தை வாசித்தேன். மூக்கு ஒழுக, கண் சிவக்க, குரல் உடைய, முந்தானையால் துடைத்துத் துடைத்து.

முடிந்ததும் கோயிலில் எல்லாருக்கும் கஞ்சி ஊற்றும் இடத்தில் பெண்கள் என் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

"அழுதுக்கினே படிச்சீங்களே டீச்சர்! எந்திரிக்கவே மனசு வரலல்ல உங்களுக்கு?"

நான் தலையைக் குனிந்துகொண்டேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை, வெட்கங்கெட்டவள். "அடுத்த வருசமும் நீங்கதான்," என்றார் சாமியார். என் வீட்டுக்காரருக்குச் சிரித்துச் சிரித்துக் கஞ்சி புரையேறியது.

அடுத்த வருஷம் இப்படி ஆகக்கூடாதென்று மூக்கு டாக்டர் ஒருவரிடம் போய் இரண்டு மாத்திரையையும் காட்டினேன். அவர் தலையில் அடித்துக்கொள்ளாத குறை.

"ரெண்டும் ஒரே வேலை செய்யற மருந்தும்மா. சேத்துப் போட்டா தும்மல் நிக்காது, தூக்கம்தான் ரெண்டு பங்காவும். சேக்கறதா இருந்தா வேற வேற வேலை செய்யறதைச் சேக்கணும். அதையும் நாங்க சொல்லணும்."

தினமும் மூக்கில் அடிக்க ஒரு ஸ்பிரே, அதோடு தூக்கம் அதிகம் வராத மாத்திரை ஒன்று. சில வாரங்களில் மூக்கு என் சொல்பேச்சு கேட்டது.

அடுத்த பெரிய வெள்ளிக்காக ஒரு மாசம் வீட்டில் வாசித்துப் பழகினேன். அன்றைக்கு ஒரு தும்மல் இல்லை, ஒரு பிசிறு இல்லை. முழங்காலிட்ட அந்த மௌனத்தில் நிஜமாகவே எனக்கு நெஞ்சை அடைத்தது. ஆனாலும் அளவாக இருந்து எழுந்து, நல்லபடியாக முடித்தேன். கஞ்சிக்குப் போனேன்.

"என்னா டீச்சர், இந்த வருசம் மனசில்லாம படிச்சிட்டீங்க? போன வருசம் எப்பிடி இருந்துச்சு!"

வீட்டுக்கு வரும் வழியில், "அந்த மஞ்சள் மாத்திரை இன்னும் டப்பாவுலதான் கீது," என்றார் என் வீட்டுக்காரர். இரண்டு நாள் அவரோடு நான் பேசவில்லை.

அதற்கடுத்த வருஷம் சாமியார் அந்தப் பெரிய பங்கை உபதேசியாருக்கே திருப்பிக் கொடுத்துவிட்டார். நான் பெண்கள் பக்கம் கடைசி பெஞ்சில் இருந்தேன். முழங்காலிடும் இடம் வந்தது. முக்காட்டுக்குள், வாசிக்கக் கிடைக்கவில்லையே என்று அழுதேன். அடக்க முடியவில்லை, தேம்பித் தேம்பி அழுதேன். பக்கத்தில் இருந்த ஒரு அம்மா என் முதுகைத் தடவிக்கொடுத்து, அந்தப் பக்கத்துக்காரியிடம் மெதுவாகச் சொன்னாள்:

"டீச்சருக்குப் பக்தி திரும்பி வந்துட்ச்சு."