மகளின் கட்டுரைகளில் என் பெயர்

என் மகளின் பௌதிகவியல் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் எடுத்துச் சொல்லியிருக்கினம் என்று போனில் ஒரு பக்கம் காட்டும். திருகோணமலை பஸ் நிலையத்தடியில் ஓட்டோவை நிறுத்தினால், முதல் சவாரி வருமுன் நான் பார்ப்பது அதைத்தான். கட்டுரை எனக்கு விளங்காது; எட்டாம் ஆண்டோடு பள்ளிக்கூடத்தை விட்டனான். சூரிய வெளிச்சத்தில் மின்சாரம் எடுக்கிற ஏதோ மெல்லிய படலமாம். ஆனால் எண் விளங்கும். வேறொரு ஆய்வாளர் தன் கட்டுரையில் இவளின் கட்டுரையைச் சுட்டினால் ஒன்று கூடும்.

அந்த வருசம் அவளுடைய வேலையே அந்த எண்ணில் தொங்கியது. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தில் ஒப்பந்த வேலை. நீடிப்பதா நிறுத்துவதா என்று ஒரு குழு பார்க்கும், முதலில் பார்ப்பது இந்தக் கணக்கைத்தான் என்று அவளே சொல்லியிருந்தாள். எண்ணோ மாசக்கணக்காக அசையவில்லை. பிள்ளை ஏதும் பிழையாக எழுதிவிட்டாளோ, பெரிய ஆக்களோடு சண்டைக்குக் கொழுவிக்கொண்டாளோ என்று யோசித்து யோசித்து எனக்கு நித்திரை கெட்டது.

பக்கத்தில் ஓட்டோ விடுகிறவர் கிண்ணியாக்காரர், என்னிலும் மூத்தவர். முஸ்லிம் ஆக்கள் அண்ணனைச் சொல்கிற மாதிரி, நானா என்றுதான் கூப்பிடுவேன்.

“என்ன தம்பி, இண்டைக்கும் கூடல்லயா? உண்ட மூஞ்சப் பாத்தா சவாரிக்கு வாற சனமும் ஓடிரும்.”

“இல்லை நானா.”

“குடு போன. நாங்க எல்லாரும் ஒவ்வொருக்கா அமத்தி உடுறம். வீடியோவுக்கு அப்பிடித்தானே கூடுது.”

“அப்பிடி ஏலாது. படிச்ச ஆள் ஒராள் கட்டுரை எழுதி அதில இவளைச் சொல்லோணும்.”

“அப்ப நீயே ஒண்டு எழுதன்.”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்தபடியே போனை இன்னொருக்கா திறந்து பார்த்தேன்.

ஒருநாள், மூதூருக்குப் போகிற ஒருவரைப் படகுத்துறையில் இறக்கிவிட்டு நின்ற நேரம், அவள் அனுப்பியிருந்த புதுக் கட்டுரையின் தலைப்பைப் போட்டுத் தேடினேன். வேறொரு பக்கம் வந்தது. மேலே ஒற்றை இங்கிலிஷ் எழுத்து, அதற்குப் பிறகு முழுசாக என் பெயர். கீழே வரிசையாகக் கட்டுரைகள்; மகளின் புதுக் கட்டுரையும் அதில். எண், மகளுடையதை விடப் பல மடங்கு.

நெஞ்சு அடித்தது. யுத்தத்தில் சம்பூரிலிருந்து இடம்பெயர்ந்த காலத்தில் ஆமிக் காவலரணில் என் பெயரை வாசித்தால் இப்படித்தான் அடிக்கும். பெயர் எங்கேயாவது பதிந்து கிடந்தால் நல்லதுக்கில்லை என்பது எனக்குள் ஊறிப்போனது. வேலை நேரமென்றும் பாராமல் மகளுக்குப் போன் அடித்தேன்.

“பிள்ளை, களவு நடந்திருக்கு. என்ர பேரில ஆரோ ஒருத்தன் உன்ர கட்டுரையளைப் போட்டு வச்சிருக்கிறான்.”

அவள் பெரிசாகச் சிரித்தாள்.

“அது நான்தான் அப்பா.”

நாங்கள் தகப்பன் பெயரை முன்னுக்கும் சொந்தப் பெயரைக் கடைசியிலும் எழுதுகிற ஆக்கள். இங்கே கம்பஸில் படித்தபோது கட்டுரைகளிலும் அப்படியே போட்டாள். அங்கே கடைசியில் வருவதுதான் குடும்பப் பெயர். அதனால் அங்கு போன பிறகு எழுதியவற்றில் என் பெயர் கடைசிக்குப் போய்விட்டது. கணினி என் பிள்ளையை ரெண்டு ஆளாக்கி வைத்திருந்தது. பிறகு சேர்ப்பம் என்று அவளும் விட்டிருந்தாள்.

விளக்கிக்கொண்டிருந்தவளின் சிரிப்பு நின்றது.

“அப்பா, குழுவுக்கு நான் குடுத்தது பழைய பக்கத்தை.”

“ஐயோ. இப்ப என்ன செய்யிறது?”

“ரெண்டையும் சேர்த்துப்போட்டு அவைக்கு எழுதிறன். ஆனா ஒரு பேர்தான் நிக்கும்.”

“உன்ர பேரை வை. என்ர பேர் என்னத்துக்கு அந்தத் தேசத்தில?”

“ஏலாது. ஆக்கள் எடுத்துச் சொல்லுற கட்டுரையெல்லாம் உங்கட பேரில. அதை மாத்தினா என்னைத் தேடிப் பிடிக்க மாட்டினம்.”

“அப்ப உன்ர பேர்?”

“முன்னுக்கு ஒரு எழுத்தா இருக்கும்.”

பிள்ளைக்கு முன்னால் ஒரு எழுத்தாக நிற்கிறவன் தகப்பன். இது தலைகீழாக இருந்தது. அவளின் பெயர், அவள் பிறக்கமுன்பே நானும் மனைவியும் தெரிந்தெடுத்து வைத்தது. மனசுக்குப் பிடிக்கவில்லை. வேலை போனால் பெயரை வைத்து என்ன செய்கிறது என்று பேசாமல் இருந்தேன்.

அவள் குழுவுக்கு எழுதிய பிறகு பயம் கூடியது. முதல் ஒரு கணக்கு, இப்போது வேறொரு கணக்கு; கள்ளக் கணக்கென்று நினைத்தால்? நானாவுக்குச் சொன்னேன்.

“அப்ப இனி நீதான் தம்பி விஞ்ஞானி. எண்ட ஓட்டோவுக்கும் வெயில்ல கொஞ்சம் கரண்ட் எடுத்துத் தா.”

முடிவு வந்த அன்று அவளே கோல் எடுத்தாள். ரெண்டு வருசம் நீடித்திருக்கினமாம். நானாவுக்குக் கையைக் காட்டினேன். அவர் ஹோர்ன் அடித்தார். அந்தச் சத்தம் அடங்குமுன்பே, ரெண்டு வருசத்துக்குப் பிறகு என்ன என்று எனக்குள் தொடங்கிவிட்டது.

“குழுத் தலைவர் உங்கட பேரைச் சொல்லித்தான் என்னை வாழ்த்தினவர். இங்க இப்ப எல்லாரும் அப்பிடித்தான் கூப்பிடுகினம்” என்றாள்.

நான் ஓட்டோக் கண்ணாடியைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன்.

“அப்பா, கேக்குதோ?”

எப்போதும் பிள்ளை என்றுதான் சொல்வேன். அன்றைக்குப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன்.

“ஓம், என்னப்பா?”

“ஒண்டுமில்லை. சாப்பிட்டனியோ?”